உங்களைத்தான்

"செலின் அக்கா தவறிட்டாங்க."

காலையில் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது வந்த அழைப்பில் நான் கேட்டது இதுதான். அழைத்தவர் பிகாஷ். ஒடிசாவிலிருந்து வந்து, அன்னவாசலுக்கு வெளியே ஒரு கல் கிரஷரில் வேலை பார்ப்பவர். துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு அந்தச் சொல்தான் உறைத்தது. 'செத்துட்டாங்க' என்று அவர் சொல்லவில்லை, 'இறந்துட்டாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் 'தவறிட்டாங்க' என்ற சொல்லை எங்கோ கேட்டு மனத்தில் வைத்திருந்திருக்கிறார். இதை உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் எங்கள் மெடிக்கலில் மருந்து வாங்கிய எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டவர்கள், ஐந்து நாள் எழுதிக்கொடுத்த மருந்தை இரண்டு நாளோடு நிறுத்தியவர்கள், குழந்தைக்கு வாங்கிய டானிக்கைத் தாமும் குடித்துப் பார்த்தவர்கள் என்று யாரும் தப்பியதில்லை. ஆனால் அவர் கையால் மாத்திரை வாங்கினால் காய்ச்சல் சீக்கிரம் விடும் என்று நம்பியவர்களும் நீங்கள்தான். சர்க்கரை நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே, தன் டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போடச் சொல்வார். கேட்டால், "நான் விக்கிறவ, முழுங்குறவ இல்ல" என்பார்.

நான் அவரோடு அந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் சில ஆண்டுகள் நின்றேன். அதிகம் பேசாதவள் நான். கூட்டம் இல்லாத மதியங்களில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். "மேடம், அந்த ராஜாவும் ராணியும் சேந்ததும் சொல்லுங்க, இருமல் மருந்து ரேக்கைத் துடைக்கணும்" என்பார். நான் படித்தது ராஜா ராணிக் கதை இல்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். எங்கள் நட்பு அந்த அளவிலேயே நிறைவாக இருந்தது.

பிகாஷ் முதன்முதலாகக் கடைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கிரஷர் தூசி. மேசையில் கை ஊன்றி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, "அக்கா, கண்ணு மருந்து குடுடா. சீக்கிரம் குடுடா" என்றார்.

பக்கத்தில் பாராசிட்டமால் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யாரைப் பாத்துடா 'டா' போடுற? பொம்பளைகிட்டப் பேசுற பேச்சாடா இது?"

"சரிடா, சரிடா" என்றார் பிகாஷ், கும்பிட்டபடி.

அடி விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது செலின் அக்கா மேசையைச் சுற்றி ஓடி வந்து நடுவில் நின்றார்.

"நிறுத்துப்பா! என்னைய என்னன்னு சொன்னான்? 'டா'ன்னான். என்னையப் பாத்தா ஆம்பளை மாதிரியா இருக்கு? திட்டணும்னு நெனச்சிருந்தா 'டி'ன்னுல்ல சொல்லிருப்பான். இவனுக்கு அது என்னன்னே தெரியல."

ஆட்டோக்காரர் யோசித்தார். "மீசை மட்டுந்தான் இல்லக்கா, மத்தபடி..." என்று இழுத்தார். அக்கா அவரையும் ஒரு அடி அடித்தார். கூடியிருந்தவர்கள் சிரித்துக் கலைந்தார்கள். பிகாஷ் மட்டும் எதற்கு அடி, எதற்குச் சிரிப்பு என்று தெரியாமல் நின்றார்.

விஷயம் பின்னாளில் அவர் சொல்லித்தான் விளங்கியது. இங்கே வந்து அவர் கேட்ட தமிழ் முழுக்க மேஸ்திரியின் தமிழ். தூக்குடா, போடுடா, வாடா, சாப்பிடுடா. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வரும் அந்த ஓசையை அவர் மரியாதைச் சொல் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஊரில் பெரியவர்களிடம் பேசும்போது 'ஆக்யா' என்று ஒரு சொல்லைக் கடைசியில் சேர்ப்பார்களாம். அதுபோல இது என்று நினைத்து, எங்கள் கடையில் தனக்குத் தெரிந்த அதிகபட்ச மரியாதையோடு கண் மருந்து கேட்டிருக்கிறார்.

அன்று அக்கா சொட்டு மருந்தை எடுத்து மேசையில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். "குடுடா இல்ல. குடுங்க."

"குடு... ங்க."

"அவ்வளவுதான்." கையை எடுத்தார்.

அதற்குப் பிறகு கிரஷரிலிருந்து யார் வந்தாலும் இதே கதைதான். தைலமோ பேண்டேஜோ, 'ங்க' வரும்வரை அக்காவின் கை அதன் மேல் இருக்கும். வாடிக்கையாளர்கள் சிலர் உதவி செய்வதாக நினைத்து அந்தப் பையன்களின் காதருகே போய், "குடுங்கன்னு சொல்லு! குடுங்க!" என்று கத்துவார்கள். "ஏங்க கத்துறீங்க? காது நல்லாத்தான் கேக்குது அவனுக்கு. பாஷைதான் வேற" என்பார் அக்கா.

மேஸ்திரி ஒரு நாள் முறையிட வந்தார். "என்னக்கா, எங்க ஆளுகளைக் கெடுத்து வச்சிருக்கீங்க. 'வாங்க மேஸ்திரி, லாரி வந்துருச்சுங்க'ங்கிறான். கூட இருக்கவன்லாம் சிரிக்கிறான்."

"நீங்க கத்துக்குடுத்தபடி பேசியிருந்தா என்ன சொல்லிருப்பான்? நெனச்சுப் பாருங்க."

மேஸ்திரி நினைத்துப் பார்த்தார். ஒரு வலி மாத்திரை அட்டை வாங்கிக்கொண்டு போனார்.

இதுவரை நடந்தது வேடிக்கை. நான் செலின் அக்காவை மதிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகு நடந்ததால்.

ஒரு மதியம், கடையில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். "வாங்க சார், உக்காருங்க சார்" என்று அக்கா உபசரித்து அனுப்பினார். அடுத்து ஒரு மூதாட்டிக்கும் அதே உபசரிப்பு. பிறகு பிகாஷ் பக்கம் திரும்பி, "வா. என்ன வேணும்?" என்றார்.

பிகாஷ் மருந்து கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டார். "அக்கா, நான் ங்க சொல்றேங்க. சாருக்கு ங்க. ஆத்தாவுக்கு ங்க. எனக்கு... ங்க இல்லைங்களா?"

அவர் குரலில் மனக்குறை இல்லை. இந்த விதிக்கு விலக்கு ஏதாவது உண்டா என்று வகுப்பில் கேட்கும் பிள்ளையின் குரல்தான் அது. அதனால்தான் அவ்வளவு சுட்டது. செலின் அக்கா, அவர் வழக்கமாக வாங்கும் ஆயின்மென்ட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் மேல் கை வைக்க மறந்துபோனார்.

மறுநாள் பிகாஷ் படியேறியதும், "வாங்க பிகாஷ்" என்றார்.

பிகாஷ் சட்டென்று ஒதுங்கி, தன் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

"உங்களைத்தான்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து கிரஷர்க்காரர்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைத்தார். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் தவறாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். ஒவ்வொருவரிடமும் 'உங்களைத்தான்' என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை என்னிடம், "அவுங்களுக்குப் பாதிப் பாடம் சொல்லிக் குடுத்துட்டு டீச்சர் மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன் மேடம். மீதிப் பாடம் நமக்குன்னு தெரியாமப் போச்சு" என்றார்.

அப்போது பிகாஷின் மனைவி மாலதி ஊரில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இங்கே கிரஷரில் தங்குமிடம் என்பது ஆண்கள் பலர் படுக்கும் தகரக் கொட்டகை. பகல் முழுக்கத் தூசி. ஊருக்குள் ஒரு அறை கிடைத்தால்தான் மனைவியை அழைத்து வர முடியும். 'வீடு வாடகைக்கு' என்று எழுதியிருந்த வாசல்களில் போய் நின்றார். "இப்பத்தான் ஆள் வந்துச்சு" என்ற பதில் எல்லா வாசலிலும் தயாராக இருந்தது. அப்படி ஆள் வந்துவிட்டதாகச் சொன்ன வீடுகளில் ஒன்றுக்குச் செலின் அக்கா போன் செய்தார். வீடு காலியாகத்தான் இருந்தது.

கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு, பிகாஷையும் அழைத்துக்கொண்டு மூவரும் அங்கே போனோம். வீட்டுக்காரர் சரோஜா ஆத்தா, பஸ் ஸ்டாப்புக்குப் பின்தெருவில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுபவர்.

"வாம்மா செலினு. ஒனக்கா வீடு?"

"இவருக்கும் இவரு சம்சாரத்துக்கும் ஆத்தா."

ஆத்தாவின் முகம் மாறியது. "இந்திக்காரங்களுக்கு விடுறதில்லம்மா."

"இவரு இந்திக்காரரு இல்லையே. ஒடியா பேசுறவரு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப ஒங்களைத் தெலுங்குக்காரின்னு சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"அடி போடி, வாயாடி" என்றார் ஆத்தா. பிறகு இறங்கி வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தெருவுல நாலு பேரு கேப்பாக. நீ பொறுப்பா நிப்பியா, சொல்லு. ஒன் மொகத்துக்காகத் தாரேன்."

ஆமாம் என்று அக்கா ஒரு சொல் சொன்னால் போதும், காரியம் முடிந்தது. நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அக்கா, "நான் எதுக்கு நிக்கணும்? அவரே நிக்கிறாரே. அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. பிகாஷ் வியர்த்துப்போய் நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கோழி படியேறி வீட்டுக்குள் நுழையப் பார்த்தது. பிகாஷ் பதறிக் குனிந்து இரண்டு கையையும் நீட்டி, "போங்க, போங்க, வெளிய போங்க" என்று அதை விரட்டினார்.

ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அடி ஆத்தே, கோழிக்கு மரியாதையைப் பாரு!"

பிகாஷ் திகைத்தார். "தப்புங்களா?"

"தப்பில்லப்பா. முட்டையிடுற கோழிதான், மரியாதையை வாங்கிக்கிட்டுப் போகட்டும்." சிரிப்பு அடங்கியதும் ஆத்தா அவரை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "ஒம் பொண்டாட்டி பேரென்ன?"

"மாலதிங்க."

"மாலதியா? எங்க நாத்தனா பேருல்ல அது!"

"அங்க தகர ஷெட்டுங்க" என்றார் பிகாஷ். "ரொம்பச் சூடுங்க. தூசிங்க. புள்ள வரப்போகுதுங்க. இங்க பக்கத்துல ஆஸ்பத்திரிங்க. நான் சத்தம் போட மாட்டேங்க. குடிக்க மாட்டேங்க. வீடு குடுங்க."

ஆத்தா திரும்பி, காலி அறையின் பூட்டைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வெள்ளிக்கெழமை. காலையில வந்து சாவிய வாங்கிக்கங்க" என்றார்.

தெருவுக்கு வந்ததும் பிகாஷ் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா, ஆத்தா 'வாங்கிக்கங்க' சொன்னாங்க" என்றார்.

"ஆமா."

"எனக்கா?"

"பின்ன, கோழிக்கா?" என்றார் அக்கா.

கடைக்குத் திரும்பியதும், ஏன் பொறுப்பேற்கவில்லை என்று கேட்டேன். அக்கா ரசீதுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "என் மொகத்துக்குக் குடுத்தா அது என் வீடு மேடம். நாளைக்கு எனக்கும் ஆத்தாவுக்கும் வாய்த்தகராறு வந்தா அவரு சட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய போகணும். எனக்கு வாய் சும்மாவும் இருக்காது."

மாலதி வந்தார். பெண் குழந்தை பிறந்தது. அதன் காதில் முதலில் விழுந்த தாலாட்டு ஒடியாவிலா தமிழிலா என்று சரோஜா ஆத்தாவுக்கும் மாலதிக்கும் இன்றும் சண்டை உண்டு. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். இன்னும் அந்தத் தெருவில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள் பிகாஷின் வாசலை மட்டும் தாண்டிப் போகிறார்கள். அது சலுகை இல்லை, ஊர்க் கணக்கில் சேர்க்காதது என்று நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பிகாஷுக்கும் தெரிந்துவிட்டது. இந்தப் பங்குனியில் தானே போய்க் கேட்கப்போவதாக அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் இருந்த வாரங்களில் பிகாஷ் வேலை இல்லாத நேரமெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுவார். ஒரு மாலை நான் போனபோது வராந்தாவில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"அக்காவுக்கு என் மேல கோவங்க" என்றார். "என்னைய 'டா' சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'போடா, புள்ளையத் தனியா விட்டுட்டு இங்க வந்து ஒக்காந்திருக்க, போடா' சொன்னாங்க."

இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ படித்திருக்கிறேன், இந்த ஒரு எழுத்தை விளக்க எதுவும் உதவவில்லை. "அந்த 'டா' வேற பிகாஷ்" என்றேன். "அக்கா, அவங்க தம்பியை மட்டுந்தான் அப்படிச் சொல்வாங்க. அவங்க தம்பி இப்ப உயிரோட இல்லை." அவர் அந்தப் 'போடா'வை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து, மறுபடி உள்ளே போனார். "இன்னும் போகலையாடா நீ?" என்று அக்காவின் மெலிந்த குரல் வெளியே கேட்டது. அதைத் தொடர்ந்து பிகாஷ் சிரிப்பதும் கேட்டது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நம்மில் பலர் இருந்தோம். பெட்டியை இறக்கியதும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம். பிகாஷ், மகளை மாலதியிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். மண்ணைப் போட்டுவிட்டுக் கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி தெளிவாகச் சொன்னார்.

"போயிட்டு வாங்க அக்கா."

கூட்டத்தில் தலைகள் திரும்பின. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் 'போயிட்டு வாரேன்' என்று சொல்வதில்லை, சொல்லாமல்தான் கிளம்புவோம். இறந்தவரிடமே அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "யாராச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா அவருகிட்ட?" என்று என் பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தார். தவறு நேர்ந்துவிட்டது என்று பிகாஷுக்கும் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார்.

அக்காவின் கணவர் அருள்சாமி அண்ணன்தான் பேசினார். "விடுங்க. சரியாத்தான் சொல்றாரு. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பூசையில நாம சொல்றது வேற என்ன? செத்தவுக எந்திரிச்சு வருவாகன்னுதான சொல்றோம்." பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். அதைப் போடுவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது.

"போயிட்டு வா, செலினு" என்றார்.

அக்காவின் வெள்ளைக் கோட்டும் டீ டம்ளரும் இன்னும் கடையில் இருக்கின்றன. அவற்றை அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எதை வைத்துக்கொண்டேன் என்று சில நாட்கள் எனக்கே தெரியவில்லை. போன வாரம் கிரஷரிலிருந்து ஒரு புது முகம் வந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தது. மேசையில் கை ஊன்றி, சிரித்துக்கொண்டு, "அக்கா, மருந்து குடுடா" என்றார். மூலையில் புத்தகத்தோடு இருந்த நான் எழுந்து வந்தேன். சொட்டு மருந்தை எடுத்து வைத்தேன். அதன் மேல் கை வைக்கவில்லை.

"வாங்க" என்றேன். "கண்ணு ரொம்ப எரியுதுங்களா?"

அவர் ஒதுங்கி நின்று, தன் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான்" என்றேன்.